உங்களுக்குத் தெரியுமா? ரிவால்வரின் குழலும் கைப்பிடியும்

பெரிய குழல் விட்டமுள்ள ரிவால்வருக்குத் தெளிவான எடுத்துக்காட்டு, பிரிட்டிஷ் படை 1915இல் ஏற்ற வெப்ளி மார்க் 6. அதன் குண்டு 0.455 அங்குல வகை; குழல் 6 அங்குலம்; எடை ஒரு கிலோவுக்கு மேல். முந்தைய வகைகளில் கிளிமூக்குபோல வளைந்திருந்த கைப்பிடி, இதில் சதுர அடியுடன் வந்தது. பார்வைக்குப் பழையதே அழகு. உள்ளங்கைக்குப் புதியதே பொருத்தம். குழல் நீண்டால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும். குறி பிசகினால் கண்ணுக்கு உடனே தெரியும். முன்பாரமும் கூடுவதால், சுடும்போது குழல் மேலே எகிறுவது குறையும். குட்டைக் குழலை இடுப்பில் செருகுவது எளிது; ஆனால் உதைப்பு அதிகம்.

இந்தியாவில் குண்டு வகையைத் தேர்ந்தெடுக்க இடம் குறைவு. 0.455, 9 மி.மீ. போன்ற படைத்துறைக் குண்டு வகைகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அதனால் உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் 0.32 ரிவால்வரையே வாங்குகிறார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட ‘நிர்பீக்’ அவ்வகைதான்: ஆறு குண்டு, டைட்டானியக் கலவை உடல், எடை சுமார் 500 கிராம்.

தமிழ்நாட்டில், எடுத்துக்காட்டாக 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், துப்பாக்கி உரிமத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அங்குள்ள கல்வராயன் மலையில் போலீசார் அவ்வப்போது கைப்பற்றுவது ரிவால்வர் அல்ல, நாட்டுத் துப்பாக்கி. நீண்ட குழலின் வாய் வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டு, கம்பியால் இடித்து நிரப்பும் வகை அது. உரிமமின்றி அதைத் தயாரிப்பதற்கு, 2019 ஆயுதச் சட்டத் திருத்தப்படி, குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரையும் உண்டு.