வினாத்தாளும் ஓர் அளவுகருவியே!

வினாத்தாள் என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், நான் சொல்ல வந்தது மறுவாழ்வு சிகிச்சை பெறுவோரிடம் கேட்கும் வினாத்தாளைப் பற்றி.

விபத்திலோ பக்கவாதத்திலோ பாதிக்கப்பட்டவர் தேறி வீடு திரும்புகிறார். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைக் கோனியாமீட்டர் காட்டிவிடும். ஆனால் வேலைக்குப் போகிறாரா, கல்யாணம் திருவிழாவில் கலந்துகொள்கிறாரா, நாலு பேர் மத்தியில் அவர் பேச்சு எடுபடுகிறதா? இதற்கு மீட்டர் கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டு ஐ.சி.எஃப். வகைப்பாடு இதைப் 'பங்கேற்பு' என்கிறது.

இதை அளக்க இந்தியா, நேபாளம், பிரேசில் நாடுகளில் சோதித்து உருவாக்கப்பட்டு, 2006-ல் வெளியானது 'பார்ட்டிசிபேஷன் ஸ்கேல்'. மொத்தம் 18 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, ஆக 90 மதிப்பெண். மதிப்பெண் கூடினால் தடையும் கூடுதல். நம் பரீட்சைக்கு நேர் எதிர்! ஒருவரை அவரை ஒத்தவர்களோடு மட்டுமே ஒப்பிட்டுக் கேட்பது இதன் சிறப்பு. கூலி வேலை செய்பவரை ஆபீசரோடு ஒப்பிட்டு என்ன பயன்? நேரில் கேட்டு நிரப்புவதால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லலாம்.

சரி, இதை எப்படி நம்புவது? மெட்ராலஜி லேபில் ஒரே ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் இரண்டு தடவை அளக்கிறோமே, அதேதான். சில நாள் கழித்து அதே ஆளிடம் மறுபடி கேட்பார்கள். இடைவெளி குறைந்தால் முன்பு சொன்னதை ஞாபகம் வைத்துச் சொல்லிவிடுவார்; கூடினால் அவர் நிலையே மாறியிருக்கும். இரண்டு முறையும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சொல்வார்கள். அதுதான் நம்பகத்தன்மை.

இங்கேதான் கவனம் வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: நம்பகத்தன்மை 0.84, மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.84 போனால் 0.16. அதன் வர்க்கமூலம் 0.4. அதை 15-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 6. இரண்டு தடவை அளப்பதால் 2-ன் வர்க்கமூலத்தாலும், 95 சதவீத உறுதிக்காக 1.96-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 17. அப்படியென்றால் ஒருவரின் மதிப்பெண் 40-லிருந்து 30-க்கு இறங்கினாலும் 'முன்னேறிவிட்டார்' என்று அடித்துச் சொல்ல முடியாது. அது கருவியின் ஆட்டமாகவும் இருக்கலாம். நூறு பேரின் சராசரி எடுத்தால் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். தனி ஆளுக்கு அப்படி இல்லை. இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி 'குணமாயிட்டார், சிகிச்சை போதும்' என்று நிறுத்தினால், அடிபடுவது அவர் குடும்பத்தின் சோறு.

இன்னொன்று. ஜீரோ எரர் உள்ள வெர்னியர் நூறு தடவையும் ஒரே தப்பைத்தான் காட்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வெள்ளைக் கோட்டு போட்டவர் யார் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்குங்க" என்பார்கள். நாளைக்குக் கேட்டாலும் அதேதான். நம்பகத்தன்மை உயரும், உண்மை வெளியே வராது. அதனால் கேள்வி மட்டுமல்ல, கேட்பவர் யார், எங்கே வைத்துக் கேட்கிறார் என்பதும் கருவியின் பாகமே.

நண்பர்களே, நாளை நம்மில் ஒருவர் செயற்கைக் கால் வடிவமைக்கலாம், சக்கர நாற்காலி செய்யலாம். அது ஓடுகிறதா என்று லேபில் பார்த்தால் போதாது. அதில் உட்கார்ந்தவர் ஊர்க் கூட்டத்துக்குப் போய் வந்தாரா என்று கேட்க வேண்டும். பதிலை எண்ணாக எழுதும்போது பக்கத்திலேயே பிழையையும் எழுதுவோம். லேப் ரெக்கார்டில் கற்ற பழக்கம் அங்கேயும் உதவட்டும்!