சிங்கப்பூரில் ஒரு வாய் காப்பிக்குப் படாத பாடு!
“கோசோங்” என்று கேட்கத் தெரியாமல் சர்க்கரையை ஏற்றிக்கொள்ளும் சென்னைவாசிகள்

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். ராத்திரி ஏறினால் விடியும்போது இறங்கி விடலாம். பாஸ்போர்ட், விசா, டாலர் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் மறுநாள் காலையிலேயே தகராறு ஆரம்பித்து விடுகிறது.

“நல்ல காப்பி எங்கேப்பா கிடைக்கும்?”

மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெரியவர்கள், சாமான் வாங்கப் போகும் வியாபாரிகள், நாலு நாள் டூர் போகிறவர்கள்- யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது.

ஓட்டல் அறையில் ஒரு கெட்டில், ரெண்டு பொட்டலம் இன்ஸ்டன்ட் தூள், பால் பவுடர் வைத்திருப்பார்கள். கலக்கிக் குடித்தால் வெந்நீரில் கலர் போட்ட மாதிரிதான்! டிகாஷன் வாசனைக்குப் பழகிய மூக்கு ஏமாறுமா?

விண் விண் தலைவலி

இது வெறும் நாக்கு ருசி சமாசாரம் அல்ல. தினமும் ரெண்டு, மூணு டம்ளர் குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை ‘விண் விண்’ என்று தெறிக்கும். காப்பியில் உள்ள காஃபின் செய்கிற வேலை இது. சிலருக்கு ஒரு வாரம் கூட நீடிக்கும். விமானம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை போடுகிறவர்களும் உண்டு!

கடிகாரமும் சேர்ந்து சதி செய்கிறது. சிங்கப்பூர் நேரம் நமக்கு 2½ மணி முன்னால். மயிலாப்பூரில் 6 மணிக்கு டம்ளரைக் கையில் எடுக்கிறவருக்கு, அங்கே அந்த நேரம் காலை 8.30.

துணிப்பை காப்பி

இத்தனைக்கும் சிங்கப்பூர் காப்பிக்குப் பஞ்சமான ஊர் இல்லை. தெருவுக்குத் தெரு ‘கோப்பித்தியாம்’ என்ற காப்பிக்கடைகள் இருக்கின்றன. சீனாவின் ஹைனான் தீவில் இருந்து பிழைக்க வந்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். கிடைத்த கொட்டை மட்ட ரகமான ரொபஸ்டா. அதில் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருகக் கருக வறுத்தார்கள். இன்றும் அதே பக்குவம்தான்.

நம்ம ஊர் டீக்கடையில் டீ வடிக்கும் துணிப்பை மாதிரியே அங்கே காப்பி வடிக்கிறார்கள். நீண்ட மூக்கு வைத்த தகரக் கூஜாவில் இருந்து கொட்டும் டிகாஷன் தார் போல இருக்கும். பித்தளை பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற ருசி வராது. ஆனால் மட்டமும் அல்ல. ரெண்டு நாள் குடித்தால் பிடித்துப் போகும்.

சிக்கல் பாலில்தான் இருக்கிறது. சும்மா “கோப்பி” என்று கேட்டால் இனிப்பு டின் பால் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரைதான்!

“சர்க்கரை வியாதிங்க, பால் வேண்டாம், கடுங்காப்பி போதும்” என்று நினைத்து “கோப்பி ஓ” கேட்டாலும் தப்பவில்லை. ‘ஓ’ என்றால் சீனப் பேச்சில் கறுப்பு. பால்தான் இருக்காது, சர்க்கரை இருக்கும். “கோப்பி சி” என்றால் இனிப்பில்லாத டின் பால். ஆனால் சர்க்கரையைத் தனியாகப் போட்டு விடுவார்கள்.

சர்க்கரையே வேண்டாம் என்றால் ‘கோசோங்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மலாய் மொழியில் ‘காலி’ என்று அர்த்தம். “கோப்பி ஓ கோசோங்” - சர்க்கரையில்லாத கடுங்காப்பி. “கோப்பி சி கோசோங்” - சர்க்கரையில்லாத பால் காப்பி. இனிப்பு கொஞ்சம் போதும் என்றால் “சியூ தாய்”. ஸ்ட்ராங்காக வேண்டுமா? “காவ்”. நீரிழிவுக்காரர்கள் மற்றதை மறந்தாலும் ‘கோசோங்’கை மறக்கக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

பேப்பர் பொட்டலத்தால் இடம் பிடிப்பு!

மேஜை காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போனால், நடுவில் ஒரு டிஷ்யூ பேப்பர் பொட்டலம் கிடக்கும். யாரோ விட்டுப் போனது அல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள்! நம்ம ஊரில் பஸ் ஜன்னல் வழியே துண்டு போடுவதில்லையா, அதேதான். குடித்து முடித்ததும் கப்பைத் தட்டோடு எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் இருந்து பொது உணவு வளாகங்களில் இது கட்டாயம்.

டபரா டம்ளர் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கும் வழி உண்டு. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கினால் சிராங்கூன் ரோடு. தமிழ்ப் போர்டு, மல்லிகைப்பூ, சாம்பார் வாசனை எல்லாம் எதிரே வரும். 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் உள்பட சைவ ஓட்டல்களில் நுரை ததும்பும் நம்ம காப்பி கிடைக்கும். கோப்பிக்கடையை விட விலை கொஞ்சம் கூட. ஆனாலும் கண்ணாடி மாளிகைகளில் அஞ்சு டாலருக்கு மேல் அழுது காகித கப்பில் குடிப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. ஒரு டாலர் நம்ம பணத்தில் 60 ரூபாய்க்கு மேல்!

பார்சலும் உண்டு. சில கடைகளில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருவார்கள். அதை ஆட்டிக்கொண்டே போய் எம்.ஆர்.டி. ரெயிலில் உட்கார்ந்து உறிஞ்சி விடக் கூடாது. ரெயிலில் சாப்பிடவோ குடிக்கவோ தடை. மாட்டினால் 500 டாலர் வரை அபராதம். நம்ம பணத்தில் 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அவ்வளவு விலைக்கு எந்த ஊர்க் காப்பியும் இறங்காது!