முழங்கால் வலியும் ஆயுட்கணக்கும்

கொச்சியில் தேவராவை அடுத்த வாத்துருத்தி போன்ற தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளில், பதினைந்து வயதுப் பையன் முழங்கால் வலிக்கிறதென்று சொன்னால், பந்து விளையாட்டில் பட்ட அடியாயிருக்கும் என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதே வழக்கம். அநேக வலிகள் அதிலேயே ஆறியும்விடும். ஆறாத சில வலிகளுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

எலும்பிலும், தசை, கொழுப்பு முதலிய மென்திசுக்களிலும் தோன்றும் புற்றுநோய்க்குச் சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றளவே இதுவாயினும், எலும்பில் தோன்றும் ஆஸ்டியோசார்கோமா வளரும் பிள்ளைகளையே, விசேஷமாக முழங்காலை ஒட்டிய எலும்பில், பற்றுவதால் இதன் கொடுமை பெரிது.

அரை நூற்றாண்டின் மாற்றம்

1970-களுக்கு முன், ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில், காலையே வெட்டியெடுத்த பின்னும், ஐவரில் ஒருவரே பிழைத்தார். ஏனெனில், கண்ணுக்குப் புலப்படாத நோயணுக்கள் இரத்தத்தின் வழியே முன்பே நுரையீரலை எட்டிவிட்டிருந்தன. இந்நோயால் 1977-ல் வலக்காலை இழந்து, 1980-ல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் கனடாவில் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், 1981-ல் 22 வயதில் மாண்டதும் அவ்விதமே. நோயணுக்களை மருந்தால் அழிக்கும் கீமோ சிகிச்சை நிலைபெற்ற பின், நோய் பரவாத நிலையில் வருவோரில் ஏறக்குறைய மூவரில் இருவர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகின்றனர். நுரையீரலுக்குப் பரவியபின் வருவோரிலோ நால்வரில் ஒருவரளவே தேறுகின்றனர்.

கட்டியுள்ள எலும்பை மட்டும் அகற்றி உலோக எலும்பைப் பொருத்தும் சிகிச்சையை வளர்த்தவர்களுள், 2007-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை டாக்டர் மயில்வாகனன் நடராஜன் குறிப்பிடத்தக்கவர். தக்க நோயாளிகளுக்கு, காலைக் காப்பதால் ஆயுள் குறைவதில்லை.

ஆயுளை நிர்ணயிப்பவை

பரவல், கட்டியின் அளவு, அணுக்களின் மூர்க்கம், இருக்குமிடம், மிச்சமின்றி அகற்ற முடிதல் ஆகியவை பிரதானமானவை. இடுப்பெலும்பில் தோன்றுவதைவிடக் கைகால்களில் தோன்றுவது நன்று. ஆஸ்டியோசார்கோமாவில், கீமோவுக்குப் பின் கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் நற்குறி.

முதல் கத்தியின் பொறுப்பு

கொழுப்புக் கட்டியென்று கருதி அவசரமாக அறுத்தெடுப்பதும், சந்தேகமுள்ள வீக்கத்தை உருவிவிடுவதும் ஆகாது. எம்.ஆர்.ஐ. எடுத்தபின், பெரிய அறுவையைச் செய்யப்போகும் மருத்துவர் குழுவே பயாப்ஸி (திசுச் சோதனை) எடுப்பது உத்தமம்; தவறான இடத்தில் குத்திய ஊசியின் பாதையையும் பின்னர் சேர்த்து அறுக்க நேரும்.

எப்போது விரைய வேண்டும்

இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, சில வாரங்களில் தணியாத வீக்கம், எலுமிச்சம்பழத்தினும் பெரிதாகவோ ஆழமாகவோ வளரும் கட்டி, இவற்றுள் ஒன்றிருந்தாலும் தாமதியாமல் டாக்டரிடம் காட்டிப் படம் எடுக்கவேண்டும். களமசேரியில் கொச்சிப் புற்றுநோய் மையமும், திருவனந்தபுரத்தில் 1981 முதல் வட்டாரப் புற்றுநோய் மையமும், சென்னை அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன.

சிகிச்சை முடிந்த பின்னும் முதலிரண்டு ஆண்டுகள் நோய் நுரையீரலில் தோன்றியுள்ளதா என்று சில மாதங்களுக்கொரு முறை மார்பைச் சோதித்தல் அவசியம். ஆகவே வேலைக்காக ஊர் மாறும் குடும்பத்தார், முதல் எக்ஸ்ரே தொடங்கி எல்லாக் காகிதங்களையும் ஒரே உறையிலிட்டு, போகுமிடமெல்லாம் உடன் கொண்டுபோக வேண்டும்.