பழைய மோட்டார் சைக்கிள்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

பாவும் ஊடையும் சங்கத்திலிருந்து பெற்று வருவதற்கும், நெய்த சேலைக் கட்டைக் கொண்டு சேர்ப்பதற்கும், விளைந்த காய்கறியைச் சந்தைக்கு எடுத்துச் செல்வதற்கும், விடியற்காலையில் பாலைச் சங்கத்தில் ஊற்றி வருவதற்கும் இன்று நம் அங்கத்தினர்களுக்கு இருசக்கர வண்டி இன்றியமையாததாகிவிட்டது. தறியும் கலப்பையும் போல அதுவும் பிழைப்புக்கான ஒரு கருவியே. புது வண்டியின் விலையோ எல்லோருக்கும் எட்டுவதாயில்லை. ஆதலின் நம்மில் பலர் பழைய வண்டியை வாங்குகின்றனர். புதிதாக வாங்க வசதி பெற்றவர்கள் தம் பழைய வண்டியை விற்கின்றனர். பெரும்பாலும் இவ்வியாபாரம் தெரிந்தவர்களுக்குள்ளேயே, ஒரு தரகரின் துணையுடனோ துணையின்றியோ, வாய்ப்பேச்சில் முடிந்துவிடுகிறது.

கறவை மாடு வாங்கச் செல்லும் நம் விவசாயி பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், இரண்டு வேளை கறந்தும் பார்ப்பார். அத்தனை கவனமுள்ள மனிதர் மோட்டார் சைக்கிள் வாங்கும்போது தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். விற்பவரும் பணம் வந்ததே போதுமென்று சாவியை நீட்டிவிடுகிறார். மாட்டைப் பொறுத்தவரை கயிறு கை மாறினால் காரியம் முடிந்தது. மோட்டார் வண்டிக்கோ சர்க்காரில் பதிவேடு ஒன்று உண்டு. அப்பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். இந்த ஓர் உண்மையை மறந்ததனால் நேரும் இடர்களே இக்கட்டுரை எழுதுவதற்குக் காரணம்.

விற்பனை எப்போது முடிகிறது?

நம் சங்கத்தில் ஒருவர் தம் பங்கை மற்றோர் அங்கத்தினருக்கு மாற்றிக் கொடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் திண்ணையில் அமர்ந்து பேசிப் பணத்தைக் கைமாற்றிக்கொண்டால் போதுமா? உறுப்பினர் பதிவேட்டில் மாற்றம் ஏறும்வரை சங்கத்தைப் பொறுத்தமட்டில் பங்கு பழையவருடையதே. மோட்டார் வண்டியின் நிலையும் அதுவேயாகும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 50ஆவது பிரிவில் இதற்கான கடமையை இருவர்மீதும் சுமத்துகிறது. ஒரே மாநிலத்திற்குள் விற்பனை நடந்தால், விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் அறிவிக்கும் படிவம் 29. மாற்றத்திற்கு விண்ணப்பிக்கும் படிவம் 30. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் ‘இருபத்தொன்பது, முப்பது’ என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான்.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? விற்பவர் இவ்விரு படிவங்களிலும் கையெழுத்து மட்டும் இட்டு, மற்ற இடங்களை வெறுமையாக விட்டுத் தரகரிடம் கொடுத்துவிடுகிறார். வாங்குபவர், ‘பெயர் மாற்றத்திற்கு ஏன் வீண் செலவு? மறுபடியும் விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று அப்படிவங்களைப் பெட்டியில் வைத்துவிடுகிறார். வண்டி இரண்டு மூன்று கைகள் மாறுகிறது. பதிவேட்டில் மட்டும் பெயர் மாறுவதில்லை. தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுக்க நம் அங்கத்தினர் எவரும் ஒப்பமாட்டார். வெற்றுப் படிவம் 29உம் 30உம் அதற்கு எள்ளளவும் குறைந்தவை அல்ல.

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் இதற்கோர் எடுத்துக்காட்டைக் கண்டேன். அங்கத்தினர் ஒருவர் தம் மொபெட்டை 18,000 ரூபாய்க்கு விற்றிருந்தார். இரண்டாண்டு கழித்து மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அவருக்கு அழைப்பாணை வந்தது. முகமறியாத எவரோ அவ்வண்டியில் சென்று முதியவர் ஒருவர்மீது மோதியிருக்கிறார். வண்டிக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது. வண்டியை எந்த நாளில், யாருக்கு விற்றார் என்று காட்ட அந்த நெசவாளர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தறியை நிறுத்திவிட்டு அவர் வாய்தாவுக்கு வாய்தா நகரத்திற்குச் சென்று வந்துகொண்டிருந்தார்.

சட்டம் கடுமையாக இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதைத் தெளிவாக்கியுள்ளது. 2007இல் விற்கப்பட்ட ஒரு கார், அதன்பின் பல கைகள் மாறி, 2009இல் விபத்துக்குள்ளாயிற்று. ஓர் உயிர் போயிற்று. பதிவேட்டில் பெயர் முதலில் விற்றவருடையதாகவே இருந்தது. பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளர் என்றும், இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. அடிபட்டவர் வண்டி யார் யார் கைக்குப் போயிற்று என்று ஊர் ஊராகத் தேடி அலையக் கூடாது என்பதே இதன் நியாயம். காருக்குச் சொன்ன இவ்விதி மொபெட்டுக்கும் பொருந்தும்.

விபத்து மட்டுமன்று. 18 வயது நிரம்பாத சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரோடு வண்டியின் உரிமையாளரையும் குற்றவாளியாக்குகிறது; மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அதற்குத் தண்டனை. போக்குவரத்து விதிமீறலுக்கான அபராதச் சீட்டும் பதிவிலுள்ளவரின் பெயருக்கே வரும். விற்றுவிட்டேன் என்ற வாய்ச்சொல் அங்கே எளிதில் எடுபடாது.

வாங்குவோர் கவனத்திற்கு

முதலில் காகிதத்தைப் பார்க்க வேண்டும். பிறகே வண்டியைப் பார்க்க வேண்டும். மூலப் பதிவுச் சான்று, அதாவது ஆர்.சி. புத்தகம் அல்லது அட்டை, விற்பவர் கையில் உள்ளதா? அதிலுள்ள பெயரும் விற்பவரின் அடையாளச் சான்றிலுள்ள பெயரும் ஒன்றா? வேறு பெயராயின் அந்தப் பெயருடையவரை நேரில் காணாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. உரிமையாளர் இறந்துவிட்டாரெனில், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பின்னரே விற்க வேண்டும்.

பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பகுதியில் இருக்கும். அது 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. அவ்விடத்தில் அராவிய தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் விலகிவிடுவதே நன்று. திருட்டு வண்டியைப் பணம் கொடுத்து வாங்கினாலும் அது நமக்குச் சொந்தமாகாது. போலீசார் எடுத்துச் சென்றால் வண்டியும் போய்ப் பணமும் போகும். திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்குவது குற்றமுமாகும்.

பதிவுச் சான்றில் வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ குறிக்கப்பட்டிருந்தால் வண்டியின்மேல் கடன் பதிவாகியுள்ளது என்பது பொருள். கடன் தீர்ந்துவிட்டதென்று விற்பவர் கூறினாலும், கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் 35உம் தடையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மூலச் சான்று தொலைந்தது என்று கூறி நகல் சான்றைக் காட்டுவோரிடம் மேலும் விழிப்பு வேண்டும். மூலம் ஏதேனும் பைனான்ஸ்காரரின் பெட்டியில் அடகாக இருக்கக்கூடும்.

வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு ஆண்டு வண்டியை மலிவென்று வாங்குபவர் அடுத்த ஆண்டு வரப்போகும் செலவையும் கணக்கிடல் வேண்டும். புதுச்சேரியிலோ கர்நாடகத்திலோ பதிவான வண்டி விலை குறைவாகத் தோன்றலாம். அங்கிருந்து பெறும் தடையில்லாச் சான்று, இங்கு செலுத்தும் வரி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு மறைந்துவிடுவதுண்டு. பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை நடப்பில் உள்ளனவா என்பதை மத்திய சர்க்காரின் ‘பரிவாஹன்’ இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். செலுத்தாத அபராதம் ஏதேனும் உண்டா என்பதும் அங்கே தெரியும். கைப்பேசி பழக்கமில்லாதவர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

இனி வண்டி. பகலில் பார்ப்பதே முறை. நாம் செல்வதற்கு முன்பே என்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் ஆரோக்கியம் தெரியும். நீலப் புகை இடைவிடாது வந்தால் என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது, செலவு பெரிதாகும். ஆனால் ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் பழைய இரு வீச்சு வண்டிகளில் சிறிது புகை இயல்பு. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டி, காலடி ரப்பரும் பிரேக் மிதியும் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பலாகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது என்று அறியலாம். கழுத்துப் பகுதியில் வெல்டிங் வைத்த தழும்பு, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, இரு சக்கரமும் நேர்கோட்டில் இல்லாமை ஆகியவை பழைய விபத்தின் அடையாளங்கள். ஹெட்லைட்டுக்குள் படிந்த சேறும் பெட்ரோல் டாங்கினுள் துருவும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் காட்டிக்கொடுக்கும். நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று அவருக்குக் கொடுக்கும் கூலி ஒருநாளும் வீணாகாது.

விற்போர் கவனத்திற்கு

விற்பவருக்கு ஆபத்து குறைவு என்ற எண்ணம் தவறு. மேலே கண்டபடி, நெடுநாள் தொடரும் ஆபத்து அவருக்கே.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த பின்னரே சாவியைக் கொடுக்க வேண்டும். புதியவராயின் அவர் பின்னால் நாமும் அமர்ந்து செல்வது நலம். பணத்தை வங்கிக் கணக்கின் வழியே பெறுவது சிறந்தது. பணம் அனுப்பியதாகக் கைப்பேசியில் காட்டும் படத்தை நம்பாமல், நம் கணக்கில் வரவாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் அழுத்தத் தேவையில்லை. அழுத்தச் சொல்பவர் நம் பணத்தை எடுக்க வந்தவர். இணைய விளம்பரத்தில் தம்மை ராணுவ வீரர் என்று கூறி, வண்டியைக் காட்டாமலே முன்பணம் கேட்டு ஏமாற்றுவோரும் உளர். இத்தகைய பண மோசடியை 1930 என்ற தொலைபேசி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

சாவி கை மாறும் நேரத்தில் இரு பிரதிகளில் விற்பனை ரசீது எழுதிக்கொள்ள வேண்டும். வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண், விலை, இருவர் பெயரும் முகவரியும், தேதி, மணி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். மணியையும் குறிப்பது எதற்கெனில், அன்று மாலையே விபத்து நேர்ந்தால் வண்டி யார் கையிலிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இருவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளின் ஒப்பமும் பெற வேண்டும். ஆயினும் இந்த ரசீது பதிவேட்டை மாற்றாது. அது நமக்குத் துணை நிற்கும் சாட்சியம் மட்டுமே. படிவங்களை முழுமையாக நிரப்பி, வாங்குபவரோடு சேர்ந்து விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து, ஒப்புகைச் சீட்டின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்வதே முழுப் பாதுகாப்பு.

தரகர் அல்லது பழைய வண்டி வியாபாரியிடம் விடுவோர் ஒன்றை அறிய வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, அத்தகைய வியாபாரி போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதை இணையவழியே பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டா.

இன்சூரன்ஸ்

வண்டி கை மாறும்போது மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் சட்டப்படி வாங்கியவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். எனினும் அவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துத் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். வண்டிக்கே சேதம் அல்லது திருட்டு நேர்ந்தால் கிடைக்கக்கூடிய தொகை, பெயர் மாற்றாதவருக்குக் கிட்டாது போகும். இழப்பீடு கோராமைக்கான போனஸ் தள்ளுபடி மனிதருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. விற்றவர் அதைத் தம் புது வண்டிக்குக் கொண்டு செல்லலாம். இன்சூரன்ஸ் இன்றி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும், மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம். ஆனால் அந்த அபராதத்தைக் காட்டிலும், விபத்தில் மாண்டவரின் குடும்பத்திற்குக் கைப்பொறுப்பில் கொடுக்க நேரும் தொகையே ஒரு குடும்பத்தை நிலத்தோடும் தறியோடும் சாய்த்துவிடக்கூடியது.

சங்கம் செய்யக்கூடியது

இவ்வளவும் ஒரு தனி அங்கத்தினருக்குப் பெருஞ்சுமையாகத் தோன்றலாம். பலர் கூடின் அது எளிது. படிவங்கள் 29, 30 ஆகியவற்றின் பிரதிகளையும் ரசீதின் மாதிரி ஒன்றையும் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கலாம். விற்க விரும்பும் அங்கத்தினரின் அறிவிப்பை விளம்பரப் பலகையில் ஒட்டலாம். தெரிந்தவர் தெரிந்தவரிடம் வாங்கும் வழி அதனால் பெருகும். செயலாளரும் ஓர் இயக்குநரும் சாட்சியாக ஒப்பமிடலாம். படிவம் நிரப்பத் தெரியாத மூத்த அங்கத்தினர்க்குப் படித்த இளைஞர்கள் உதவலாம்.

சென்ற சில ஆண்டுகளில் வண்டியை விற்றுவிட்டுப் பெயர் மாறியதா என்று அறியாதிருக்கும் அன்பர்கள் இம்மாதமே ஒன்று செய்ய வேண்டும். தம் பழைய வண்டியின் எண்ணைக் கொண்டு அது எவர் பெயரில் உள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து அறியவும். இன்னும் தம் பெயரிலேயே இருப்பின், வாங்கியவரைத் தேடிப்பிடித்து மாற்றச் செய்யவும். அவர் கிடைக்காவிடில், விற்பனை விவரத்தை எழுத்து மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, அதன் ஒப்புகையைப் பத்திரப்படுத்தவும். ஒரு நாள் வேலை கெடலாம். ஆனால் பல்லாண்டு உழைப்பால் சேர்த்த பொருள் காப்பாற்றப்படும்.