ஜப்பானில் வெளிநாட்டவர் எத்தனை கிலோமீட்டர் ஓடலாம்?

கேள்வி விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் ஜப்பானில் இதற்கு விதிப்புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு போட்டியில் 42.195 கி.மீ., இன்னொன்றில் 7.6, வேறொன்றில் வெறும் 3. ஏன் இப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓட்டத்தைவிட, அந்த நாட்டில் வெளிநாட்டவராக வாழ்வது எப்படி என்பதுதான் கூடுதலாகப் புரிந்தது. அந்தக் குறிப்புகள் இங்கே.

தனியாக ஓடினால் சிக்கலே இல்லை

முதலில் எல்லோருக்கும் தெரிந்த மராத்தான். டோக்கியோ மராத்தான் 2007-ல் பொதுமக்களும் ஓடும் பெரிய போட்டியாக மாறியது. ஓடி முடிக்க 7 மணி நேரம். வழியில் குறிப்பிட்ட தூரங்களில் 'கன்மோன்' என்ற தடைகள் உண்டு. ஒவ்வொன்றும் இத்தனை மணிக்கு மூடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட வேண்டுமே! மூடிய பிறகு வந்தால் ஓரமாக நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். டோக்கியோக்காரர், தென்காசிக்காரர் என்ற வித்தியாசம் கிடையாது.

தினசரி ஓட்டமும் அப்படித்தான். டோக்கியோவில் அரண்மனையைச் சுற்றி சுமார் 5 கி.மீ. பாதை இருக்கிறது. வழியில் சிக்னலே கிடையாது என்பதால் ஓடுபவர்களுக்கு அது சொர்க்கம். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுவது அங்கே வழக்கம். புதிதாக வந்தவர் இரண்டு நாள் பார்த்தாலே பிடிபட்டுவிடும். அதைக் கடைப்பிடித்தால் போதும், நீங்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அணியாக ஓடும்போது.

எகிடென்: தோளில் ஒரு துணிப்பட்டை

ஜப்பானில் மராத்தானைவிட மக்கள் மனதுக்கு நெருக்கமானது 'எகிடென்' என்ற நெடுந்தூரத் தொடர் ஓட்டம். பழைய காலத்தில் குதிரை மாற்றி மாற்றி அஞ்சல் கொண்டுபோன முறையிலிருந்து வந்த பெயர். முதல் எகிடென் 1917-ல் கியோட்டோவிலிருந்து டோக்கியோவரை, சுமார் 500 கி.மீ., மூன்று நாட்கள் நடந்தது. தலைநகரம் டோக்கியோவுக்கு மாறிய 50-ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் அது.

நம் ரிலேயில் குச்சி கைமாறும். இதில் 'தாசுகி' என்ற துணிப்பட்டை. ஒரு தோளிலிருந்து குறுக்காகப் பூணூல்போல் போட்டுக்கொண்டு ஓடி, அடுத்தவரிடம் கழற்றிக் கொடுக்க வேண்டும். முதல் ஆளின் வியர்வை கடைசி ஆளின் தோள்வரை போகும்.

இதில் மிகப் பிரபலமானது ஹகோனே எகிடென். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஓடிய கனகுரி ஷிசோவின் முயற்சியில் 1920-ல் தொடங்கியது. ஜனவரி 2, 3 தேதிகளில் பல்கலைக்கழக அணிகள் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்கு ஓடிப்போய்த் திரும்புகின்றன. 10 பேர், சுமார் 217 கி.மீ. 1987 முதல் டிவியில் நேரடி ஒளிபரப்பு. புத்தாண்டு விடுமுறையில் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஒரு அணி முன்னணியிலிருந்து 20 நிமிடம் பின்தங்கினால் (ஆரம்ப இரண்டு இடங்களில் 10 நிமிடம்) அடுத்த ஓட்டக்காரர் காத்திருக்க முடியாது. வேறு பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். சில நொடிகளில் அதைத் தவறவிட்டு, தங்கள் பட்டையைக் கையில் பிடித்தபடி தரையில் விழுந்து அழும் மாணவர்களைப் பார்க்கலாம். ஆக, அந்தப் பட்டை வெறும் துணியில்லை. 'நீ எங்களில் ஒருவன்' என்பதற்கான அடையாளம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கென்யாக்காரர்கள் வந்தார்கள்

டக்ளஸ் வாகிஹூரி 1983-ல் கென்யாவிலிருந்து ஜப்பான் வந்தார். அவர் சேர்ந்தது கறி மசாலாப் பொடிக்குப் பேர்போன எஸ்&பி நிறுவனத்தின் ஓட்ட அணி. (ஜப்பானிய நிறுவனங்கள் ஓட்டக்காரர்களை ஊழியர்களாகவே வைத்துக்கொள்ளும்.) 1987-ல் ரோம் உலகப் போட்டியில் மராத்தான் தங்கம் வென்றார்.

ஹகோனேயில் 1989-ல் யமனாஷி ககுயின் பல்கலைக்கழகம் முதன்முதலாகக் கென்ய மாணவர்களை இறக்கியது. மூன்றே ஆண்டில், 1992-ல், கோப்பையையும் வென்றது. 2002-ல் சாமுவேல் வன்ஜிரு என்ற 15 வயதுப் பையன் செண்டாய் நகரப் பள்ளி ஒன்றில் சேர்ந்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2 மணி 6 நிமிடம் 32 விநாடியில் மராத்தான் தங்கம் வென்றது அவன்தான்.

மூன்று போட்டி, மூன்று விதி

ஹகோனே: ஓர் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டு மாணவர்தான் ஓடலாம். ஆனால் எந்தக் கட்டத்திலும் ஓடலாம். பெரும்பாலும் நட்சத்திரங்கள் மோதும் இரண்டாம் கட்டத்தில், 23.1 கி.மீ. ஓடுவார்கள்.

புத்தாண்டு எகிடென்: ஜனவரி 1, குன்மா மாகாணத்தில் நிறுவன அணிகளுக்கான 100 கி.மீ. போட்டி. 2009 முதல் வெளிநாட்டு ஊழியர் ஒரே ஒரு கட்டத்தில்தான் ஓடலாம். முன்பு அது 8.3 கி.மீ., 2024 முதல் 7.6. மிக நீண்ட கட்டம் சுமார் 22 கி.மீ. அதில் அவர்களுக்கு இடமில்லை.

பள்ளி மாணவர் எகிடென்: டிசம்பரில் கியோட்டோவில். 2008-ல் வெளிநாட்டு மாணவர்கள் முதல் கட்டத்தில் ஓடக் கூடாது என்றார்கள். 2024 முதல் மிகக் குட்டையான 3 கி.மீ. கட்டங்களில் மட்டும்தான்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு

கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களைச் சும்மா இனவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் 10 கி.மீ.யிலேயே ஒரு வெளிநாட்டு மாணவர் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய்விட்டால், மீதி ஆறு பேர் ஓடுவதற்கு என்ன சுவாரசியம்? வெற்றிக்காகவே ஒரு பையனை 'இறக்குமதி' பண்ணும் பள்ளிக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் பள்ளிக்கும் நடப்பது சமமான போட்டியா? நியாயமான கேள்விகள்.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். டோக்கியோ கொகுசாய் பல்கலைக்கழகத்தின் கென்ய மாணவர் வின்சென்ட் யேகோன், 2021-ல் ஹகோனேயின் இரண்டாம் கட்டத்தை 1 மணி 5 நிமிடம் 49 விநாடியில் ஓடி சாதனை படைத்தார். மூன்றாம், நான்காம் கட்டங்களிலும் சாதனை வைத்தார். அவர் ஓடிய எந்த வருடமும் அந்த அணி முதலிடம் பிடிக்கவில்லை. 2015-லிருந்து பலமுறை வென்ற ஆவோயாமா ககுயினோ ஜப்பானிய மாணவர்களை மட்டுமே வைத்து வென்றது. பத்துப் பேர் ஓடும் போட்டியில் ஒருவர் மட்டும் ஜெயித்துக் கொடுக்க முடியாது.

என் பார்வையில், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் தூரத்தைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றல்ல. முதலாவது, 'உங்களில் ஒருவர் வரலாம், வந்தவர் முழு ஆள்' என்கிறது. இரண்டாவது, 'வாருங்கள், ஆனால் முடிவை மாற்றிவிடாதீர்கள்' என்கிறது. மற்றவர்களைப் போலவே விடுதியில் தங்கி, ஜப்பானிய மொழி படித்து, விடியற்காலை எழுந்து பயிற்சி செய்யும் 16 வயதுப் பையனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும்.

வீதியிலும் இதே கதைதான்

தினசரி வாழ்க்கையிலும் இதே இரண்டு நிலைமைகள் இருக்கின்றன. எழுதப்பட்ட விதி இருக்கும் இடத்தில் எல்லாம் சரியாக நடக்கும். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால், நிறுவனக் காப்பீடு இல்லாதவரும் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், சொல்லப்போனால் சேர்ந்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரர் மாதிரியேதான் கட்டணம்.

ஆனால் 'எங்களில் ஒருவர்' என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் கதை வேறு. ஜப்பானில் ஜூமின்ஹ்யோ என்று குடியிருப்போர் பதிவேடு உண்டு. ஏறக்குறைய நம் ரேஷன் கார்டு மாதிரி, குடும்பத்தில் யார் யார் என்று காட்டும். 2012 ஜூலைவரை வெளிநாட்டவர் பெயர் அதில் வராது, அவர்களுக்குத் தனிப் பதிவு. ஜப்பானியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் அங்கேயே வாழ்ந்தாலும் அந்தக் குடும்பத்தின் பட்டியலில் கணவன் இருக்கமாட்டான். 2003-ல் யோகோஹாமாவில் ஒரு வார்டு அலுவலகம், ஆற்றில் வந்து சேர்ந்த 'தாமா-சான்' என்ற கடல்நாய்க்கு கௌரவ ஜூமின்ஹ்யோ கொடுத்தது. வெளிநாட்டவர் சிலர் முகத்தில் மீசை வரைந்துகொண்டு, 'எங்களுக்கும் கொடுங்கள்' என்று ஊர்வலம் போனார்கள்.

வீடு தேடுவது இன்னொரு கதை. ஜப்பானிய நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். டோக்கியோவில் நம் ஊர் ஐ.டி. ஆட்கள் பலர் நிஷி கசாய் பகுதியிலேயே வீடு எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே இந்தியர்களைப் பார்த்துப் பழகிய இடம் அது.

நம்பிக்கை தரும் விஷயம், விதி மாறக்கூடியது என்பதுதான். 2012-ல் பதிவேடு மாறியது. எகிடென் விதிகளும் கல்லில் எழுதப்பட்டவை அல்ல. அதே சமயம், 2024-ல் அவை இறுகும் பக்கமாகத்தான் மாறின என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரம் கிடைத்தால் ஜனவரி 2 அன்று ஹகோனே பாருங்கள். அங்கே காலை 8 மணிக்குத் தொடங்கும். ஒரு மணி நேரம் கழித்து, நம் ஊரில் மணி ஐந்தரை ஆகும்போது, சுருமி என்ற இடத்தில் பட்டை முதல்முறையாகக் கைமாறும். இரண்டாம் கட்டத்துக்காக ஒரு கென்ய மாணவர் அங்கே கையை உயர்த்தி நின்றுகொண்டிருப்பார். அவர் பட்டையை வாங்கித் தோளில் மாட்டுகிற அந்த இரண்டு நொடியைக் கவனியுங்கள். அவருக்கு முன்னால் இருப்பது 3 கி.மீ. அல்ல, முழு 23.1.