நோவும் மெய்நிகர் உலகமும்: கண்டிப் பிரதேச இளையோரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

'நோய்' என்னும் சொல் 'நோ' என்னும் வினையடியாகப் பிறந்தது. உடலுக்கு நேரும் கேட்டையும், அக்கேட்டினால் உயிர் படும் துன்பத்தையும் தமிழ் ஒரு சொல்லாலேயே குறித்து வந்துள்ளது. அகத்திணைச் செய்யுள்களிற் காதலர் படும் துன்பமும் நோயெனவே வழங்கப்பெற்றது. நவீன வைத்தியத்தின் வளர்ச்சியோடு இவ்விரண்டும் வேறாயின. நோயைக் கருவிகள் காட்டுகின்றன. நோவை நோயாளியே சொல்ல வேண்டியுள்ளது. கருவி எதனையும் காட்டாதவிடத்து அவனது சொல் ஐயத்திற்குரியதாகிவிடுகின்றது. இதனாற் பெரிதும் பாதிக்கப்படுவோருள் நாட்பட்ட நோவுடைய இளையோரும் அடங்குவர். இவர்களுக்கு உதவும் பொருட்டு மேலைநாடுகளிற் பரிசோதிக்கப்பட்டுவரும் மெய்நிகர் உலகக் கருவிகள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதையும், கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அவை பயன்படுவதற்கு வேண்டிய நிபந்தனைகள் யாவை என்பதையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் தோன்றும் நோவே நாட்பட்ட நோவெனப்படும். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பாகுபாட்டின் பதினோராவது பதிப்பு இதற்குத் தனித் தலைப்பு வழங்கியுள்ளது. கை சுட்டால் எழும் நோவு ஓர் அபாய அறிவிப்பு. அது உடலைக் காக்கின்றது. நாட்பட்ட நோவோ, தீ அணைந்த பின்னரும் ஓயாது அடிக்கும் மணியை ஒத்தது. ஒற்றைத் தலைவலி, வயிற்று நோவு, முதுகு நோவு, இளம்பருவ மூட்டுவாதம், காயம் ஆறிய பின்னரும் மாறாத கைகால் நோவு என இளையோரிடத்து இது பல வடிவங்களிற் காணப்படுகின்றது. உறக்கம் கெடுகின்றது, பாடசாலை வரவு குறைகின்றது, பரீட்சை தவறுகின்றது.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை முதலான தோட்டப்பகுதிகளில் இதன் சமூக விளைவு மேலும் கடுமையானது. செங்குத்தான பாதையில் இறங்கிப் பஸ் ஏறிச் சென்றே பாடசாலையையோ வைத்தியசாலையையோ அடையவேண்டிய பிள்ளைக்கு, நோவு என்பது வழி அடைபடுதலேயாகும். பிள்ளையுடன் 'கிளினிக்' செல்லும் தாய் அன்றைய நாட்சம்பளத்தை இழக்கின்றாள். இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்கதிர்ப் படத்திலும் ஒன்றும் இல்லையென்று கூறப்படுமிடத்து, "பாசாங்கு செய்கிறாள்", "படிக்கக் கள்ளம்" என்னும் பழி எளிதில் எழுகின்றது. கல்வியொன்றே லயன் வாழ்விலிருந்து வெளியேறும் வழியாகக் கருதப்படும் சமூகத்தில், இப்பழி ஒரு தலைமுறையின் எதிர்காலத்தோடு தொடர்புடையதென்பது மனங்கொள்ளத்தக்கது.

காயத்தின் அளவே நோவின் அளவு என்னும் பழைய கருத்தை 1965 இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இருவரும் வெளியிட்ட 'வாயிற் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' அசைத்தது. நரம்புகள் கொணரும் செய்தி முண்ணாணில் உள்ள ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகின்றது. அவ்வாயில் அகலத் திறப்பதும் ஒடுங்குவதும் பிற நரம்புகளின் செய்திகளையும், மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளையும் பொறுத்தவை என்பது அவர்களது வாதம். அக்கோட்பாட்டின் நுண்கூறுகள் பின்னர் திருத்தப்பட்டனவெனினும், கவனம், அச்சம், முன்னனுபவம் ஆகியன நோவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன என்னும் அடிப்படை நிலைபெற்றுவிட்டது. நோவு மூளையில் உருவாகின்றது என்பதனால் அது கற்பனையாகிவிடாது. பார்வையுங்கூட மூளையிலேயே உருவாகின்றது. அதனை எவரும் பொய்யென்பதில்லை.

இவ்வடிப்படையிலேயே மெய்நிகர் உலகம் வைத்தியத்துட் புகுந்தது. கண்களை முழுதும் மூடும் கவசத்தினுள் இரு கண்களுக்கும் சற்று வேறுபட்ட காட்சிகள் காட்டப்படுகின்றன. தலை திரும்புந்தோறும் காட்சியும் திரும்புகின்றது. இதனால் அணிந்தவர் தாம் அவ்வுலகினுள் இருப்பதாகவே உணர்கின்றார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்ரர் ஹொவ்மன், டேவிட் பற்றர்சன் ஆகியோர், தீக்காயமுற்றுச் சிகிச்சை பெற்ற பதின்ம வயதினர் இருவரிடத்து இதனைச் சோதித்து 2000 இல் முடிவுகளை வெளியிட்டனர். சாதாரண கணினி விளையாட்டை விட மெய்நிகர் உலகம் அவர்களது நோவைக் கூடுதலாகத் தணித்தது. தீக்காயமுற்றோருக்கென இவ்வாய்வாளர் உருவாக்கிய உலகம் பனி மூடியதொரு பள்ளத்தாக்கு. 2004 இல் ஹொவ்மன் குழுவினர் மேற்கொண்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வு, நோவோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் தொழிற்பாடு அவ்வேளையிற் குறைவதைக் காட்டிற்று.

ஆயின், காயத்துக்கு மருந்திடும் அரைமணி நேர நோவும் ஆண்டுக்கணக்கில் நீளும் நோவும் ஒன்றல்ல. நாள் முழுதும் கவசம் அணிந்து வாழ்தல் எவருக்கும் இயலாது. நாட்பட்ட நோவில் முதன்மைபெறுவது அச்சமாகும். அசைத்தால் நோகும் என்றஞ்சி உறுப்பை அசையாதிருக்க, தசை மெலிந்து, மூட்டு இறுகி, அடுத்த அசைவு மேலும் நோகின்றது. இச்சுழலை உடைப்பதே இங்குக் கருவியின் பணி. கையை உயர்த்த அஞ்சும் மாணவி, மெய்நிகர் உலகிற் பழம் பறிப்பதற்காகத் தன்னையறியாமலே கையை உயர்த்துகின்றாள். சிறிய அசைவு பெரிதாகவும் காட்டப்படலாம். தன்னால் இயலும் என்பதை அவளது மூளை மீளக் கற்கின்றது. மூச்சை ஒழுங்குபடுத்தவும் உடலைத் தளர்த்தவும் பயிற்றும் நிகழ்ச்சிகளும் உள. கற்றது கவசத்தைக் கழற்றிய பின்னரும் எஞ்சுதலே பயனாகும்.

இக்கருத்துக்கு எளியதொரு முன்னோடியும் உண்டு. தமிழகத்திற் பிறந்தவரான நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். கையிழந்தவர் எஞ்சிய கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்திற் காணுமாறு அதனை அமைத்தபோது, இல்லாத கையின் நோவு சிலரிடத்துத் தணிந்தது. மூளைக்குக் காட்டப்படும் காட்சி நோவை மாற்றக்கூடும் என்பதற்கு விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று என்பதை இது உணர்த்துகின்றது.

நாட்பட்ட இடுப்பு நோவுக்கென எட்டு வார மெய்நிகர்ப் பயிற்சியொன்றை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதித்தது. ஆனால் அவ்வனுமதி 18 வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியது. இளையோரிடத்து நடந்த நாட்பட்ட நோவு ஆய்வுகள் பெரும்பாலும் சிறு தொகையினரைக் கொண்டவை. எனவே, இதனை உடற்பயிற்சி, உளவளத்துணை, மருந்து ஆகியவற்றோடு சேர்ந்ததொரு துணையாகவே கொள்ளல் தகும். தலைசுற்றலும் குமட்டலும் சிலருக்கு ஏற்படலாம். வலிப்பு நோயுள்ளோரிடத்து விசேட கவனம் வேண்டும்.

இனி, இப்பிரதேசத்திற்கு வருவோம். பேராதனை வளாகத்தில் மருத்துவ பீடம் 1962 முதல் இயங்குகின்றது. பொறியியற் பீடம், இணை சுகாதார விஞ்ஞான பீடம், தமிழ்த்துறையைக் கொண்ட கலைப்பீடம் ஆகியனவும் அங்குள்ளன. சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் பேராதனையிலேயே அமைந்துள்ளது. கண்டி தேசிய வைத்தியசாலையும் தொலைவிலில்லை. கைத்தொலைபேசியை மடித்த அட்டைப் பெட்டியிற் பொருத்திக் காணும் முறையை கூகுள் நிறுவனம் 2014 இல் அறிமுகப்படுத்தியமையால், செலவு மட்டுமே தடையென்றும் கூறவியலாது. எஞ்சும் பெருந்தடை மொழியாகும்.

மெல்சாக் 1975 இல் மக்கில் நோவு வினாக்கொத்தை அமைத்தபோது, நோவைக் குறிக்க மக்கள் ஆளும் சொற்களையே அதற்கு அடிப்படையாகக் கொண்டார். தமிழில் எரிவு, விறைப்பு, உளைவு, கடுப்பு, குடைச்சல், குத்து எனச் சொற்கள் பல; விண்விண்ணென்று தெறிப்பது வேறு, சுண்டியிழுப்பது வேறு. எரிவும் விறைப்பும் நரம்பின் பாதிப்பைச் சுட்டக்கூடும்; உளைவு தசையின் களைப்பைச் சுட்டக்கூடும். இவ்வேறுபாடுகள் யாவும் மொழிபெயர்ப்பில் 'நோகிறது' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டால், நோயாளி வாய்திறந்தும் ஊமையாகின்றார். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நோயாளியின் கட்டிலருகே அவ்வுரிமை எட்டும்போதே அது முழுமைபெறும்.

மெய்நிகர்ப் பயிற்சிக்கும் இது பொருந்தும். அப்பயிற்சி ஒரு குரலின் வழிகாட்டலில் நிகழ்வது. அக்குரல் ஆங்கிலத்தில் மட்டும் ஒலிக்குமாயின், பயன் நகரத்து ஆங்கிலக் கல்வி பெற்றோருடன் நின்றுவிடும். பனிப் பள்ளத்தாக்கிற்குப் பதிலாக மகாவலிக் கரையும் ஹந்தானைச் சாரலும் காட்சியாகலாம். ஆனால் தேயிலைக் கொழுந்து பறித்தல் விளையாட்டாக அமையலாமா என்பதை, தாய் அத்தொழிலால் முதுகு வளைந்ததைக் கண்ட பிள்ளையிடமே கேட்டறிதல் வேண்டும். வைத்தியரும் பொறியியலாளரும் தமிழ் மாணவரும் தோட்டத்து இளையோரும் ஒருங்கிருந்து ஆக்கவேண்டிய பணி இது.

சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 2020 இல் நோவுக்கான வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோவு உண்டெனக் கூறுவதை மதித்தல் வேண்டும் என்பதையும் அதன் விளக்கக் குறிப்புகளிற் சேர்த்தது. சுமையும் செங்குத்துப் பாதையும் அரைகுறை உறக்கமும் தரும் நோவுக்குக் கவசத்தை மாட்டிவிட்டு வாழ்நிலையை மாற்றாது விடுதல் வைத்தியமாகாது. கருவி வருமுன்னரே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: பிள்ளை தன் மொழியிற் சொல்லும் நோவை நம்புதல். அந்நம்பிக்கையின்றி வரும் எக்கருவியும் அவர்களுக்கு இன்னொரு மூடிய கதவாகவே அமையும்.