திருடன் கையில் சிக்கிய "லாரி அப்பா"! குழந்தைகள் வரைந்த படங்களை காப்பாற்ற என்ன வழி?

சென்னை,

"செல்போன் போனா போகட்டும் சார். உள்ளே இருக்கிற படத்தை மட்டும் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. அவனுக்கு புண்ணியமா போகும்!"

வடசென்னையில் உள்ள ஒரு போலீஸ் நிலையத்தில், 34 வயது பெண் ஒருவர் இப்படி கதறி அழுதார். வேறு ஒரு வழக்குக்காக அங்கு சென்றிருந்த நமது நிருபர் அவரிடம் விசாரித்தார். கேட்டவர் நெஞ்சை உருக்கும் கதை தெரிய வந்தது.

அவர் தையல் வேலை செய்கிறவர். கணவர் லாரி டிரைவர். 3 ஆண்டுகளுக்கு முன்பு விபத்தில் இறந்து விட்டார். ஒரே மகள். இப்போது 5-ம் வகுப்பு படிக்கிறாள். 4 வயதில் இருந்தே அந்த சிறுமி கையில் பென்சில் கிடைத்தால் போதும், லாரி வரைவாள். லாரியை விட பெரியதாக ஒரு மீசைக்காரர் அதன் மேல் உட்கார்ந்திருப்பார். அதுதான் அப்பா!

அந்தப் பெண் நமது நிருபரிடம் கூறியதாவது:-

"நூறு படத்துக்கு மேலே இருந்துச்சு. ஒரு துணிப்பையிலே கட்டி பரண்லே போட்டு வெச்சிருந்தேன். வீடு மாத்துனப்போ புது வீடு பத்துக்கு பத்து ரூம். வைக்க இடம் இல்லே. எல்லாத்தையும் செல்போன்லே போட்டோ எடுத்துட்டு, பழைய பேப்பர் கடையிலே போட்டுட்டேன். நாலு கிலோ இருந்துச்சு. போன்லேதான் பத்திரமா இருக்கேன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாப்பிங்லே நின்னுக்கிட்டு இருந்தேன். பைக்லே ரெண்டு பேரு வந்தானுங்க. பிடுங்கிட்டு போயிட்டானுங்க. அப்பா மூஞ்சி மறந்து போச்சும்மா, அந்தப் படத்தை காட்டுன்னு புள்ளை கேக்குது. நான் எங்கே போவேன்?"

இவ்வாறு அவர் கண்ணீர் மல்க கூறினார்.

செல்போன் கிடைத்தது, படம் கிடைக்கவில்லை!

இரண்டு வாரத்தில் திருடன் பிடிபட்டான். செல்போனும் கிடைத்தது. ஆனால் பயன் இல்லை. விற்பதற்காக அவன் அதில் இருந்ததை எல்லாம் துடைத்து, புது போன் மாதிரி ஆக்கி வைத்திருந்தான்.

"இப்ப வர்ற போன்லே எல்லாமே பூட்டுப் போட்டுத்தான் பதிவாகுது. ரீசெட் பண்ணிட்டா அந்த பூட்டோட சாவியே அழிஞ்சிடும். அப்புறம் யாராலேயும் திறக்க முடியாது" என்றார் அங்கிருந்த போலீஸ்காரர்.

செல்போன் திருடு போனால் அதை முடக்குவதற்கு மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" இணையதளம் இருக்கிறது. 2023-ம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்டது. போலீசில் புகார் கொடுத்து, போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை அதில் பதிவு செய்தால் திருடன் அந்த போனை பயன்படுத்த முடியாது. ஆனால் உள்ளே இருந்த படத்தை அது திருப்பித் தராது.

வெள்ளத்தில் கரைந்தவை

"அப்படியானால் காகிதத்தையே வைத்துக்கொள்ளலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் சென்னைக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இரவை மறக்க முடியுமா? செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. ரேஷன் கார்டு போனது, பள்ளி சர்டிபிகேட் போனது. அவற்றுக்கு நகல் கொடுக்க அரசாங்கம் முகாம் போட்டது. பிள்ளை வரைந்த யானைக்கு யார் நகல் கொடுப்பார்கள்?

ஜாபர்கான்பேட்டையைச் சேர்ந்த ஒரு தாய் சொன்னார்: "ஸ்கெட்ச் பேனாவுலே போட்டது பூரா கரைஞ்சு நீலமா ஓடிடுச்சு. கிரேயான்லே போட்டது மட்டும் சாயம் போகலே. ஆனா பேப்பர் கூழாயிடுச்சு."

2023-ம் ஆண்டு டிசம்பரில் "மிச்சாங்" புயல் வந்தபோதும் பல வீட்டு அலமாரிகளுக்கு இதே கதிதான். வெள்ளம் வராத வீட்டில் கரையான் வருகிறது. அதுவும் இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி!

ஆக, காகிதம் மட்டும் இருந்தாலும் ஆபத்து. போன் மட்டும் இருந்தாலும் ஆபத்து. இரண்டும் வேண்டும்.

சூட்கேசில் பிழைத்த படங்கள்

குழந்தை கிறுக்கியதற்கு இவ்வளவு பாடா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி.

2-வது உலகப் போரின்போது, செக் நாட்டில் உள்ள தெரேசின் என்ற ஊரில் நாஜிக்கள் யூதர்களை அடைத்து வைத்தனர். பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியப் பெண்மணி அங்கிருந்த குழந்தைகளுக்கு ரகசியமாக படம் வரைய சொல்லிக் கொடுத்தார். 1944-ம் ஆண்டு அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் முகாமுக்கு கொண்டு சென்று கொன்று விட்டனர். படம் வரைந்த குழந்தைகளிலும் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். ஆனால் இரண்டு சூட்கேசுகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்த சுமார் 4,500 படங்கள் பிழைத்தன. இன்றும் அவை பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன.

படத்தில் பெயர் எழுதும்படி அந்த ஆசிரியை குழந்தைகளிடம் சொல்லி இருந்தார். அதனால்தான் எந்த படம் எந்த குழந்தை வரைந்தது என்று இன்றைக்கும் தெரிகிறது!

ரஷியாவில் உள்ள நாவ்கரோட் நகரில் 1956-ம் ஆண்டு மண்ணைத் தோண்டியபோது, 13-வது நூற்றாண்டைச் சேர்ந்த மரப்பட்டைகள் கிடைத்தன. 6 அல்லது 7 வயது சிறுவன் ஒருவன் தன்னையே குதிரை வீரனாக கீறி வைத்திருந்தான். பக்கத்தில் தன் பெயரையும் எழுதி இருந்தான். ஒன்பீம் என்ற அந்த பொடியனை உலகமே தெரிந்து வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

1. முதலில் பெயர்: படத்தின் பின்பக்கம் பென்சிலால் குழந்தையின் பெயர், வயது, தேதி எழுதுங்கள். "இது என்ன?" என்று குழந்தையையே கேட்டு அதையும் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து அது நாயா, நாற்காலியா என்று உங்களுக்கே தெரியாது!

2. போட்டோ: ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், பிளாஷ் வேண்டாம். படத்தை தட்டையாக வைத்து, போனை சாய்க்காமல் நேர் மேலே பிடியுங்கள். உங்கள் நிழல் விழக்கூடாது.

3. ஸ்கேன்: ஜெராக்ஸ் கடையில் "300 டி.பி.ஐ., கலர்" என்று கேளுங்கள். ஏ-4 அளவு படத்துக்கு அது போதும். பெரிதாக்கி பிரிண்ட் போட வேண்டும் என்றால் 600. கிரேயான் மெழுகு கண்ணாடியில் ஒட்டும். ஜிகினா, பருப்பு, நூல் ஒட்டிய படத்தை ஸ்கேனில் அழுத்தக் கூடாது. அதற்கு போட்டோதான் சரி.

4. பைலுக்கு பெயர்: கேமரா போடும் எண்ணை அப்படியே விடாதீர்கள். வருடம், மாதம், குழந்தை பெயர், என்ன படம் என்று மாற்றுங்கள். வருடத்தை முதலில் போட்டால் தானாக வரிசையில் நிற்கும்.

5. மூன்று இடம்: இதுதான் முக்கியம். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வெளியூரில். போனில் ஒன்று, ஹார்டு டிஸ்க் அல்லது பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று. பென் டிரைவை ஊரில் உள்ள தாத்தா வீட்டு பீரோவில் வையுங்கள். அடையாறு அங்கே வராது! வருடத்துக்கு ஒரு முறை போட்டுப் பார்த்து, திறக்கிறதா என்று சோதியுங்கள்.

கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரை இலவசம். ஒரு படம் 3 எம்.பி. என்றால் 500 படத்துக்கு ஒன்றரை ஜி.பி.தான் ஆகும். ஆனால் இரண்டு வருடம் அந்த கணக்கை தொடாமல் விட்டால் கூகுள் அதை அழித்து விடலாம். பாஸ்வேர்டை கணவன், மனைவி இருவரும் தெரிந்து வைத்திருங்கள்.

6. வாட்ஸ்-அப்: சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி விடும். "டாக்குமெண்ட்" என்ற இடத்தில் போய் அனுப்பினால் சுருங்காது.

7. ஊருக்கு காட்டும்போது: பேஸ்புக்கில் போடுமுன் படத்தில் உள்ள பள்ளிப் பெயர், வகுப்பு, வீட்டு முகவரியை மறைத்து விடுங்கள். கெட்டவன் கண்ணும் அங்கே இருக்கிறது.

நனைந்து விட்டால்?

ஒட்டிக்கொண்ட தாள்களை பிய்க்காதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். நிழலில், மின்விசிறி காற்றில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்து விடும். அதனால் காயும் முன்பே முதலில் போட்டோ எடுத்து விடுங்கள்.

போட்டோ எடுத்தாகி விட்டது என்று எல்லாவற்றையும் கடையில் போட்டு விடாதீர்கள். வருடத்துக்கு பத்து நல்ல படங்களை பொறுக்கி எடுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

அந்த லாரி என்ன ஆச்சு?

தையல்காரப் பெண்ணின் கதைக்கு வருவோம்.

கணவரின் 16-ம் நாள் காரியத்தன்று, அபுதாபியில் வேலை செய்யும் தன் தம்பிக்கு மகள் வரைந்த ஒரு லாரி படத்தை அவர் வாட்ஸ்-அப்பில் அனுப்பி இருந்தார். தம்பி அதை அழிக்காமல் வைத்திருந்தார். சுருங்கிப்போன, கொஞ்சம் மங்கலான படம்தான். அதை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி இருக்கிறார்.

நூறு படத்தில் பிழைத்தது அந்த ஒன்றுதான். அதற்கு காரணம், அது மட்டும்தான் இரண்டு இடத்தில் இருந்தது!

நமது நிருபர் அந்த வீட்டுக்கு சென்றபோது, சிறுமி தரையில் உட்கார்ந்து புதிதாக ஒரு படம் வரைந்து கொண்டிருந்தாள். மறுபடியும் லாரிதான். ஓட்டுகிறவருக்கு மீசை இருக்கிறது.

"போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பிட்டேன். பேப்பரும் பத்திரமா இருக்கு" என்றார் தாய்.